அடக்கத்தின் விரைவு

நுழையும்முன்

மூளை என்றதும் நம் நினைவுக்கு வருவது செயலூக்கமே. எண்ணுதல், பேசுதல், ஓடுதல் ஆகிய அனைத்தும் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதால் நிகழ்கின்றன என்று எண்ணுகிறோம். ஆனால், தூண்டுவதை மட்டுமே அறிந்த மூளையால் ஒரு நிமிடம்கூட ஒழுங்காக இயங்க இயலாது. தூண்டலை உரிய கணத்தில் தடுத்து நிறுத்தும் நரம்பணுக்களும் மூளையில் உள்ளன. எண்ணிக்கையில் அவை சிறுபான்மை. அவற்றுள் ஒரு பிரிவு வேகத்தில் முதன்மை. அந்த வேகம் எவ்வாறு பிறக்கிறது, அது குன்றினால் என்ன நேர்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

எட்டிக்காய் உணர்த்தும் உண்மை

கசப்புக்கு உவமை கூற வேண்டுமானால் எட்டிக்காயைக் கூறுவது தமிழர் வழக்கு. தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் எட்டி மரத்தின் கனி, செம்மஞ்சள் நிறத்தில் பார்ப்பவரைக் கவரும். அதனுள்ளே சிறு காசுகளைப் போலத் தட்டையான விதைகள் இருக்கும். அவ்விதைகளில் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. எட்டியின் இனத்தைச் சேர்ந்த தாவர விதையிலிருந்து 1818ஆம் ஆண்டு பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் இந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர்.

நஞ்சு என்றால் உடலைச் செயலிழக்கச் செய்யும் என்றே பொதுவாக எதிர்பார்ப்போம். ஸ்ட்ரிக்னின் அவ்வாறு செய்வதில்லை. அதற்கு ஆட்பட்ட உடலில் மிகச்சிறு ஓசையும் மெல்லிய தொடுகையும்கூடப் பெரும் வலிப்பைத் தோற்றுவிக்கின்றன. எதிரெதிராக இயங்க வேண்டிய தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. முதுகு வில்லைப் போல் வளைகிறது. இத்தனைக்கும் அந்நஞ்சு எந்த நரம்பையும் நேரடியாகத் தூண்டுவதில்லை என்பதுதான் வியப்பு.

கையை மடக்கும்போது முன்புறத் தசை சுருங்குகிறது; பின்புறத் தசை தளர்கிறது. சுருங்குமாறு ஒரு கட்டளை செல்வதைப் போலவே, மறுபக்கத் தசையை இயக்கும் நரம்பணுவை அடங்கியிருக்கச் செய்யும் கட்டளையும் தண்டுவடத்தில் செல்கிறது. இரண்டாவது கட்டளையை ஏற்கும் இடத்தை ஸ்ட்ரிக்னின் அடைத்துவிடுகிறது. தூண்டல் வழக்கம்போல் நிகழ, தடை மட்டும் நீங்கிவிடுகிறது. விளைவு வலிப்பு. டெட்டனஸ் கிருமியின் நச்சும் வேறொரு வழியில் இதே முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. அது தடைசெய்யும் வேதிப்பொருள் வெளிப்படுவதையே நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நரம்பு மண்டலத்தில் அமைதி என்பது செயலின்மை அன்று. அது இடையறாது உழைத்து நிலைநிறுத்தப்படும் ஒரு செயல்.

உப்புநீரில் ஓடும் மின்சாரம்

கம்பியில் ஓடுவது எலக்ட்ரான்களின் மின்சாரம். நரம்பில் ஓடுவது அயனிகளின் மின்சாரம். நரம்பணுவின் உள்ளும் புறமும் உப்புக் கரைந்த நீரே உள்ளது. ஆயினும், இரண்டு நீரும் ஒன்றல்ல. பொட்டாசியம் அயனிகள் வெளியில் இருப்பதைவிட உள்ளே ஏறத்தாழ 30 மடங்கு மிகுதி. சோடியம் அயனிகளோ உள்ளே இருப்பதைவிட வெளியே ஏறத்தாழ 10 மடங்கு மிகுதி. இவ்வேறுபாட்டைக் குலையாமல் காக்க, அணுவின் படலத்தில் உள்ள உந்திகள் ஆற்றலைச் செலவிட்டு, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கின்றன.

ஓய்வுநிலையில் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொண்டிருக்கும். 70 மில்லிவோல்ட் என்பது கைவிளக்கு மின்கலத்தின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். படலத்தின் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த எண்ணம் மாறும். படலம் ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்பே உடையது. அத்துணை மெல்லிய இடைவெளியில் 70 மில்லிவோல்ட் நிலவுவது, ஒரு மீட்டருக்கு 1 கோடி வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்புலத்திற்கு ஈடாகும். புரதத்தின் உறுப்புகளைப் பிடித்து அசைக்க இந்த மின்புலம் போதும்.

அவ்வாறு அசையும் புரதங்களே அயனிக் கால்வாய்கள். ஏரியின் கரையில் மதகு அமைந்திருப்பதைப் போல, படலத்தில் இவை அமைந்துள்ளன. மதகு திறந்தால் நீர் தானே பாயும். யாரும் இறைக்க வேண்டியதில்லை. இறைக்கும் பணியை உந்திகள் முன்பே முடித்துவைத்துள்ளன. படலத்தின் மின்னழுத்தம் சற்று உயர்ந்ததும் சோடியம் மதகுகள் திறக்கின்றன. சோடியம் உட்புகுவதால் மின்னழுத்தம் மேலும் உயர்கிறது; அதனால் இன்னும் பல மதகுகள் திறக்கின்றன. ஒரு மில்லிநொடிக்குள், அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள், உட்புறம் எதிர்மின் நிலையிலிருந்து நேர்மின் நிலைக்குத் தாவிவிடுகிறது. அடுத்து சோடியம் மதகுகள் அடைபட, பொட்டாசியம் மதகுகள் திறந்து பொட்டாசியம் வெளியேற, அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏறி இறங்கும் இந்த ஓர் அலையே நரம்புத் துடிப்பு. செயல்நிலை மின்னழுத்தம் என்று உயிரியல் நூல்கள் குறிப்பிடுவதும் இதனையே.

இவ்விளக்கத்தை உலகிற்கு அளித்தவர்கள் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஊசிக்கணவாய். அதன் உடலில் உள்ள ஒரு நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை பருத்திருக்கும். அதனுள் மின்முனையை நுழைத்து, 1939ஆம் ஆண்டு பிளைமவுத் நகரக் கடலாய்வுக்கூடத்தில் அவர்கள் துடிப்பைப் பதிவு செய்தனர். சில வாரங்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஆய்வு தடைப்பட்டு, போருக்குப் பின் தொடர்ந்து, 1952ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி மாற்றியமைப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆகவே, சமன்பாடுகளுக்கு விடை காணும் பணியை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கிடு பொறியைக் கொண்டே செய்தார். மில்லிநொடிகளில் நிகழ்ந்து முடியும் ஒரு துடிப்பைக் கணக்கிட்டு வரைய நாள்கள் பல தேவைப்பட்டன.

அவர்கள் கால்வாய் எதனையும் கண்ணால் கண்டவர்கள் அல்லர். கதவுகள் இருந்தாக வேண்டும் என்று கணக்கு கூறியது; அதனை அவர்கள் நம்பினர். 1976ஆம் ஆண்டு எர்வின் நேயர், பெர்ட் சக்மான் என்னும் ஜெர்மானியர் இருவர் ஒரே ஒரு கால்வாயின் வழியே பாயும் மின்னோட்டத்தை அளந்து காட்டினர். 1998இல் அமெரிக்க அறிஞர் ராடரிக் மெக்கின்னன், நுண்ணுயிரி ஒன்றின் பொட்டாசியம் கால்வாயினது வடிவத்தை ஊடுகதிர்களின் துணைகொண்டு வெளிப்படுத்தினார். சிறிய சோடியம் அயனியைத் தடுத்துவிட்டு, அதனினும் பெரிய பொட்டாசியம் அயனிக்கு மட்டும் அக்கால்வாய் எவ்வாறு வழிவிடுகிறது என்ற நெடுநாள் புதிரும் அப்போது அவிழ்ந்தது. நீரிலுள்ள அயனி, நீர் மூலக்கூறுகளை ஆடைபோல் போர்த்தியிருக்கும். கால்வாயின் குறுகிய பகுதியில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், அந்த நீராடைக்கு மாற்றாகப் பொட்டாசியத்தை மிகச் சரியான அளவில் தழுவிக்கொள்கின்றன. சிறிய சோடியத்திற்கு அந்தத் தழுவல் எட்டுவதில்லை. எனவே அது தன் நீராடையைக் களைய முன்வருவதில்லை.

தம் கொள்கையைத் தாமே வீழ்த்தியவர்

துடிப்பு பிறக்கும் விதம் தெரிந்தது. ஒரு நரம்பணு மற்றொன்றை எவ்வாறு அடக்குகிறது?

ஆஸ்திரேலியரான ஜான் எக்கிள்ஸ், நரம்பணுக்களுக்கிடையே செய்தி மின்சாரமாகவே தாவுகிறது என்ற கொள்கையைப் பல்லாண்டுகள் வலியுறுத்திவந்தவர். வேதிப்பொருளே செய்தியைக் கடத்துகிறது என்றவர்களோடு கடுமையாக வாதிட்டவர். நியூசிலாந்தில் பணியாற்றியபோது மெய்யியலறிஞர் கார்ல் பாப்பரின் நட்பு அவருக்கு வாய்த்தது. தவறு என்று நிறுவப்படக்கூடிய வகையில் ஒரு கருதுகோளைத் தெளிவாகக் கூறுவதே அறிவியல். அது பொய்த்துப்போவது இழிவன்று என்பது பாப்பரின் கருத்து. எக்கிள்ஸ் அவ்வாறே தம் கொள்கையைக் கூர்மைப்படுத்தினார்.

1951ஆம் ஆண்டு டுனடின் நகரில் அவரும் அவருடைய குழுவினரும் பூனையின் தண்டுவட நரம்பணு ஒன்றினுள் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செலுத்தினர். தடைசெய்யும் நரம்பைத் தூண்டியபோது, மின்சாரக் கொள்கை கூறிய திசைக்கு நேர்மாறான திசையில் அழுத்தம் நகர்ந்தது. உட்புறம் மேலும் எதிர்மின் நிலையை அடைந்தது. எக்கிள்ஸ் தம் கொள்கையைக் கைவிட்டார். நேற்றுவரை எதிர்த்த வேதிக் கொள்கையின் முதன்மை ஆதரவாளராக மாறினார். பாடநூல்களில் இந்நிகழ்ச்சி ஒரு வரியில் கடந்துபோகும். ஆனால், ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அறிஞர் தம் வாழ்நாள் வாதத்தைத் தம் சோதனையின் முன் இறக்கிவைப்பது எளிய செயலன்று. 1963ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, எக்கிள்ஸ் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தூண்டலும் தடையும் ஒரே மேடையில் சிறப்பிக்கப்பட்டன.

தண்டுவடத்தில் தடைக்குரிய வேதிப்பொருள்களுள் முதன்மையானது கிளைசின். மூளையில் அப்பணியைச் செய்வது காபா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொருள். 1950ஆம் ஆண்டிலேயே அது மூளையில் இருப்பது கண்டறியப்பட்டது. காபா சென்று சேர்ந்ததும், எதிரே உள்ள நரம்பணுவில் குளோரைடு அயனிகளுக்கான கால்வாய் திறக்கிறது. எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு உட்புக, துடிப்பதற்குத் தேவையான எல்லைக்கு அழுத்தம் உயர்வது கடினமாகிறது. அழுத்தம் பெரிதாக மாறாவிட்டாலும் தடை நிகழும். ஓட்டைக் குடத்தில் ஊற்றும் நீர் தங்காததைப் போல, வந்து சேரும் தூண்டல் மின்னோட்டம் திறந்த கால்வாய் வழியே கசிந்துவிடும்.

விரைந்து துடிப்பவை

மூளையின் புறணியில் உள்ள நரம்பணுக்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் அதற்கு மேலும் தூண்டுபவை. எஞ்சியவையே காபாவைச் சுரந்து தடைசெய்பவை. அவற்றுள்ளும் பல வகைகள் உண்டு. பார்வால்புமின் என்ற புரதத்தால் அடையாளம் காணப்படும் ஒரு வகையை மட்டும் இங்கே காண்போம். இவை விரைதுடிப்பு நரம்பணுக்கள் எனப்படுகின்றன.

புறணியின் தூண்டும் நரம்பணுவைத் தொடர்ந்து தூண்டினால் அது முதலில் விரைந்து துடித்து, சற்று நேரத்தில் தளர்ந்து, இடைவெளி விட்டுத் துடிக்கத் தொடங்கும். விரைதுடிப்பு நரம்பணு அவ்வாறு தளர்வதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளை அது சீராக எழுப்பவல்லது. ஒவ்வொரு துடிப்பும் அரை மில்லிநொடிக்கும் குறைவான அகலமே உடையது. தூண்டும் அணுவின் துடிப்பு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு அகலமானது.

இவ்வளவு விரைவு எதற்கு? ஒரு செய்தி புறணிக்குள் நுழையும்போது தூண்டும் அணுவையும் தடைசெய்யும் அணுவையும் ஒருசேரச் சென்றடைகிறது. தடைசெய்யும் அணு அதைப் பெற்று, தானும் துடித்து, தன் தடையைத் தூண்டும் அணுவின்மீது சேர்க்க வேண்டும். அதன் பாதை ஒரு படி நீளமானது. இருந்தும் ஓரிரு மில்லிநொடிகளில் அது வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில் துடித்த அணுக்களின் குரல் மட்டுமே முன்செல்கிறது, பின்தங்கியவை அடங்கிவிடுகின்றன. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது, பந்து எப்போது கைக்கு வரும் என்பன போன்றவற்றைக் கணிக்க இத்தகைய காலத்துல்லியம் இன்றியமையாதது. தடை தாமதமாக வருமானால், அது வெள்ளம் வடிந்த பின் கட்டிய அணையாகவே முடியும்.

கதவின் நுட்பம்

நொடிக்குச் சில நூறு துடிப்பு என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது மிகச் சில மில்லிநொடிகளே. அதற்குள் நரம்பணு முழுமையாக மீண்டாக வேண்டும். மீள்வதில் உள்ள தடைகள் இரண்டு.

முதலாவது, சோடியம் கால்வாயின் இயல்பு. அது திறந்த ஒரு மில்லிநொடிக்குள் அதன் உட்புற வாயிலைப் புரதத்தின் ஒரு பகுதி மூடிபோல் வந்து அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் மீண்டும் எதிர்மின் நிலைக்கு இறங்கிச் சற்று நேரம் அங்கே நிலைத்தால்தான் அந்த மூடி விலகும். அதுவரை எவ்வளவு தூண்டினாலும் அக்கால்வாய் திறவாது. எனவே, துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ அவ்வளவு விரைவாகச் சோடியம் கால்வாய்கள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும்.

இறக்கிவிடுவது பொட்டாசியம் கால்வாய்களின் பணி. இங்கேதான் இரண்டாவது தடை எழுகிறது. பெரும்பாலான பொட்டாசியம் கால்வாய்கள் மெல்லத் திறந்து மெல்ல மூடுபவை. துடிப்பு முடிந்த பிறகும் அவை திறந்தே கிடக்கும். பொட்டாசியம் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருக்க, அடுத்த துடிப்புக்காக அழுத்தம் எழ முயலும்போது அவை பின்னுக்கு இழுக்கும். பொட்டாசியம் கால்வாய்கள் குறைவாக இருந்தால் இறக்கம் தாமதமாகும். மிகுதியாக இருந்தால் அடுத்த ஏற்றம் தாமதமாகும். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட நரம்பணு விரைந்து துடிப்பது எப்படி?

விடை, கேவி 3 எனப்படும் பொட்டாசியம் கால்வாய்க் குடும்பத்தில் உள்ளது. விரைதுடிப்பு நரம்பணுக்களின் படலத்தில் இக்கால்வாய்கள் செறிந்துள்ளன. மற்றப் பொட்டாசியம் கால்வாய்களிலிருந்து இவற்றை வேறுபடுத்தும் பண்புகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவை அழுத்தம் மிக உயர்ந்த பின்னரே, அதாவது எதிர்மின் 20 மில்லிவோல்ட்டை ஒட்டிய நிலையையும் கடந்து துடிப்பு உச்சியை நோக்கிப் பாயும்போதே திறக்கின்றன. ஆகவே, துடிப்பு பிறப்பதற்கு முன் அழுத்தம் மெல்ல ஏறிவரும் வேளையில் இவை குறுக்கே நிற்பதில்லை. திறக்கும்போது விரைந்து திறந்து, துடிப்பைச் செங்குத்தாக இறக்கிவிடுகின்றன. அழுத்தம் இறங்கிய உடனேயே, மற்றவற்றைப் போல் தயங்காமல் மூடிக்கொள்கின்றன.

மிருதங்கம் வாசிப்பவரின் விரலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தோலில் விழுந்த விரல் அங்கேயே தங்கிவிட்டால் நாதமும் மங்கும். அடுத்த சொல்லும் பிந்தும். விரைவு காலத்தில் வாசிக்கத் தேவைப்படுவது வலிமையான அடி மட்டுமன்று. அடித்த கணமே விரல் விலகுவதும்தான். கேவி 3 கால்வாயின் சிறப்பு, அது திறப்பதில் மட்டும் இல்லை, மூடுவதிலும் இருக்கிறது.

இது வெறும் கருத்து அன்று. சோதித்து அறிந்த உண்மை. டெட்ராஎத்தில் அம்மோனியம் என்ற வேதிப்பொருள் பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கவல்லது. மிகக் குறைந்த செறிவில் அது குறிப்பாகக் கேவி 3 கால்வாய்களையே மிகுதியும் அடைக்கும். 1999ஆம் ஆண்டு நியூயார்க் ஆய்வாளர்கள் சுண்டெலி மூளையின் மெல்லிய சீவல்களில் இதனைச் செலுத்திப் பார்த்தனர். விரைதுடிப்பு அணுக்களின் துடிப்புகள் அகன்றன. உயர்வேகத் துடிப்பு குலைந்தது. பொதுவாக, பொட்டாசியம் கால்வாயை அடைத்தால் நரம்பணு கூடுதலாகத் துடிக்கும் என்றே எதிர்பார்ப்பர். இங்கே பொட்டாசியம் கால்வாயை அடைத்ததால் துடிப்பு குறைந்தது. நிறுத்தக் கருவியைக் கழற்றியதும் வண்டி வேகம் குறைந்ததற்கு ஒப்பான விந்தை இது. கேவி 3 நிறுத்தக் கருவியாக இயங்குவதில்லை, அடுத்த ஓட்டத்திற்கு வழி ஒழுங்குசெய்யும் கருவியாகவே இயங்குகிறது என்பதை அறிந்தால் விந்தை விலகும்.

இயற்கை எப்போதும் சிக்கனமானது என்று பாராட்டும் வழக்கம் உண்டு. விரைதுடிப்பு அணுக்கள் அந்தப் பாராட்டுக்கு உரியவை அல்ல. சோடியம் உட்புகுவது முழுமையாக நிற்பதற்கு முன்பே இவற்றில் பொட்டாசியம் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து வீணாகும் அளவு, தூண்டும் அணுக்களில் உள்ளதைவிட மிகுதி. வீணானதை எல்லாம் உந்திகள் மீண்டும் இறைத்தாக வேண்டும். இவ்வணுக்களில் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்திருப்பதன் பின்னணி இதுவே. விரைவுக்கு விலை உண்டு. மூளை அதைக் கொடுக்கிறது.

தெரிந்து தெளிவோம்

பழப்பூச்சி வகை ஒன்றை ஈத்தர் ஆவியில் மயக்கியபோது, மயங்கிய நிலையிலும் அதன் கால்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. நடுங்குவது எனப் பொருள்படும் 'ஷேக்கர்' என்ற பெயர் அதன் மரபணுவுக்குச் சூட்டப்பட்டது. பொட்டாசியம் கால்வாயை உருவாக்கும் மரபணுக்களுள் முதலில் வாசித்தறியப்பட்டது இதுவே, ஆண்டு 1987. அதன் உறவு மரபணுக்களுக்கு ஷாப், ஷா, ஷால் எனப் பெயரிட்டனர். பாலூட்டிகளில் இவற்றுக்கு இணையான குடும்பங்களே கேவி 1 முதல் கேவி 4 வரை உள்ளவை. பூச்சியின் 'ஷா'வுக்கு இணையானது கேவி 3. பெயரில் உள்ள 'கே' பொட்டாசியத்தின் வேதிக்குறியீடு. 'வி' மின்னழுத்தத்தைக் குறிப்பது.

கதவு பழுதானால்

எந்தக் குறையுமின்றிப் பிறந்து, நன்கு வளர்ந்துவரும் குழந்தை. அரை வயதை ஒட்டிய பருவத்தில் ஒரு நாள் காய்ச்சல் வருகிறது. அதனுடன் நெடுநேரம் நீடிக்கும் வலிப்பும் வருகிறது. காய்ச்சலில் வரும் வலிப்பு பல குழந்தைகளுக்கு வந்து மறைவதே. இக்குழந்தைக்கு அது மறைவதில்லை. மீண்டும் மீண்டும் வருகிறது. பின்னர்க் காய்ச்சல் இன்றியும் வருகிறது. இரண்டாம் ஆண்டில் பேச்சும் அறிவுவளர்ச்சியும் பின்தங்குகின்றன, நடை தள்ளாடுகிறது. 1978ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ஷார்லோட் திரவே இதனைத் தனியொரு நோயாக இனங்கண்டு விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே திரவே நோய் என அழைக்கப்படுகிறது. அரிய நோய்தான்; ஆயினும், அது வந்த இல்லத்தில் பெற்றோர் உறக்கத்தை மறக்கின்றனர்.

2001ஆம் ஆண்டு பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்நோயுற்ற ஏழு குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்தனர். எழுவரிடமும் ஒரே மரபணுவில் பிழை இருந்தது. அப்பிழை பெற்றோரிடம் இல்லை. குழந்தையிடமே புதிதாகத் தோன்றியிருந்தது. எஸ்சிஎன்1ஏ எனப்படும் அம்மரபணு, சோடியம் கால்வாயின் ஒரு வகையை உருவாக்குவது.

இங்கே ஒரு முரண் எழுந்தது. சோடியம் கால்வாய் துடிப்பை எழுப்புவது. அதில் பாதி பழுதானால் மூளையின் துடிப்பு குறைய வேண்டும். வலிப்பு மிகுவது எவ்வாறு? வலிப்பு நோய்க்கான பல மருந்துகள் சோடியம் கால்வாயை அடைத்துத்தானே பயன் தருகின்றன?

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்லியம் கேட்டரால் குழுவினர் அதே பிழையை உடைய சுண்டெலிகளை ஆராய்ந்து விடை கண்டனர். தூண்டும் நரம்பணுக்களில் சோடியம் மின்னோட்டம் ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. தடைசெய்யும் அணுக்களில் அது பெரிதும் குறைந்திருந்தது. தூண்டும் அணுக்கள் வேறு வகைச் சோடியம் கால்வாய்களை நம்பியிருப்பவை. எஸ்சிஎன்1ஏ உருவாக்கும் வகையைச் சார்ந்து வாழ்பவை தடைசெய்யும் அணுக்களே. குறிப்பாக, விரைதுடிப்பு அணுக்கள். மறு ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்களும் அக்கால்வாய் பார்வால்புமின் அணுக்களின் நரம்பிழைகளில் செறிந்திருப்பதைக் காட்டினர்.

மரபணுவின் இரு படிகளுள் ஒன்று நலமாக இருப்பதால் கால்வாய்களில் பாதி எஞ்சியிருக்கும். மெல்லத் துடிப்பதற்கு அது போதும். நொடிக்குச் சில நூறு முறை துடிக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஒரு பகுதிக் கால்வாய்கள் மூடியுடன் நிற்க, மீதமுள்ளவை அடுத்த துடிப்பை எழுப்பப் போதாமல், அணு நடுவழியில் ஓய்ந்துவிடும். அடக்க வேண்டியது ஓய்ந்த நேரத்தில், அடங்க வேண்டியவை ஒன்றாகப் பொங்கும். எட்டியின் நஞ்சு தடையை ஏற்குமிடத்தில் அடைத்தது. இந்நோய் தடை புறப்படும் இடத்திலேயே அதன் விரைவைக் குறைக்கிறது. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளிச்செல்லும் செய்திகளைச் சுமக்கும் பர்கின்ஜி அணுக்களும் காபாவைச் சுரப்பவையே. நடைத் தள்ளாட்டத்திற்கு அவற்றின் தளர்ச்சி ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இவ்விளக்கம் மருத்துவரின் கையெழுத்துவரை சென்று சேர்ந்தது. கார்பமசெபின், பினிட்டோயின், லமோட்ரிஜின் ஆகியன வலிப்பு நோய்க்கு நாள்தோறும் வழங்கப்படும் மருந்துகள். பலருக்கு நன்மை தருபவை. சோடியம் கால்வாயை அடைப்பதே அவற்றின் வழி. திரவே நோயுற்ற குழந்தைக்கு அவற்றைத் தந்தால், ஏற்கெனவே நலிந்த தடைசெய்யும் அணுக்கள் மேலும் நலியும், வலிப்பு கூடும். லமோட்ரிஜின் இந்நோயை மோசமாக்குகிறது என்பதை மருத்துவர்கள் 1998ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினர். காரணம் விளங்கியது பின்னாளில்தான். எனவே, ஒரு வயதுக்குள் காய்ச்சலுடன் நெடிய வலிப்புகள் மீண்டும் மீண்டும் வரும் குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்வது, நோயின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமன்று. எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவதற்காகவும்தான்.

பொட்டாசியம் கதவிலும் பழுது நேர்வதுண்டு. 2015ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, கேவி 3 கால்வாய்களுள் ஒன்றை உருவாக்கும் மரபணுவில், ஒரே இடத்தில் நேர்ந்த ஒரே பிழையைப் பல நோயாளிகளிடம் கண்டது. அவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தசைத் துள்ளல்களும் வலிப்பும் தோன்றி, நடை மெல்ல மெல்லக் கெட்டிருந்தது. ஒரு கால்வாய் நான்கு புரதத் துண்டுகள் கூடி அமைவது. அவற்றுள் பழுதான துண்டு சேர்ந்துகொண்டால், உடனிருக்கும் நல்ல துண்டுகளின் பணியும் கெடுகிறது. ஆதலால், மரபணுவின் ஒரு படி நலமாக இருந்தும் அது போதவில்லை.

திரவே நோயில் நிலைமை சற்று வேறு. அங்கே நல்ல படி உருவாக்கும் கால்வாய்கள் குறையின்றி இயங்குகின்றன, எண்ணிக்கைதான் போதவில்லை. குளோபசம், ஸ்டிரிபென்டால் போன்ற மருந்துகள் காபாவின் செயலைக் கூட்டி, தளர்ந்த தடைக்குத் துணைநிற்கின்றன. வலிப்பைக் குறைக்கின்றனவே அன்றி, கால்வாயை அவை கூட்டுவதில்லை. நலமான மரபணுப் படியிலிருந்தே கூடுதலான கால்வாய்ப் புரதத்தை உருவாக்கச் செய்யும் மருந்துகள் இப்போது நோயுற்ற குழந்தைகளிடம் ஆய்வுநிலையில் சோதிக்கப்பட்டுவருகின்றன.